தொட்டிலுக்கு அங்கிட்டு

— தொடாதடி. மொதல்ல கைய எடு.

— அம்மா, மெல்லப் பேசும்மா. அப்பா எந்திரிச்சுறப் போறாரு.

— எந்திரிக்கட்டும். குடிலுக்குள்ள இருந்து கைய எடுன்னேன், கேட்டியா?

— ஒரே நிமிசம்மா. அக்காவோட களிமண் ஆட்ட அது இருந்த எடத்துலயே வச்சிர்றேன். வச்சுட்டு வந்து பேசாம பாயில படுத்துக்கிறேன். அவருக்கு ஒண்ணும் தெரியாமப் போயிரும்.

— இருந்த எடமா? எம்புள்ளைக்கு இருந்த எடம் எதுன்னு ஒன் வாயால சொல்லு, கேப்போம்.

— ஒனக்குத் தெரியாதாம்மா?

— சொல்லு கலைமதி.

— பாலன் தொட்டிலுக்கு அங்கிட்டு.

— அங்கிட்டு யார் யாரு ஆடு நிக்குது?

— தாத்தாவோடது. அப்பத்தாவோடது. அப்பறம், பொறந்து பதினோரு நாள்ல போன அண்ணனோட குட்டி.

— அம்புட்டும் செத்தவங்க. சத்யா செத்துட்டாளா?

— இல்லம்மா.

— அப்ப ஏன் அங்கிட்டு? உசுரோட இருக்கிறவங்க ஆடு இங்கிட்டுத்தான நிக்கணும். நானு, ஒங்கப்பா, நீ, அவ. அந்தத் தமிழ்செல்வனக் கட்டிக்கிட்டுப் போனா பாரு, அதுல இருந்து போன கிறிஸ்மசுக்கு ஒருதரம், இந்தக் கிறிஸ்மசுக்கு ஒருதரம், தன் கையாலயே எம்புள்ளைய எடுத்து செத்தவங்களோட நிறுத்துனாரு. நான் முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு நின்னேன். இன்னைக்கு எந்திரிச்சுப் பாத்தா அது இங்கிட்டு நிக்குது. ஒன் ஆட்ட ஒரசிக்கிட்டு நிக்குது. அதப் போயி திரும்ப அங்கிட்டுத் தூக்கி வைப்பியா நீ?

— களிமண் ஆடும்மா அது. தானா நடந்தா வந்திருக்கும்? அதான் எனக்குப் பயமா இருக்கு.

— நடந்து வரல. அவ வந்திருக்கா.

— யாரு?

— சத்யாதான். ராத்திரி வந்து, தன் ஆட்டத் தானே எடுத்து வச்சுட்டுப் போயிருக்கா.

— சும்மா எதையாவது சொல்லாதம்மா.

— நேத்து ராத்திரி நம்ம ரெண்டு பேரும் கோயில் மைதானத்துக்கு நாடகம் பாக்கப் போனோமா இல்லையா? வீடு பூட்டித்தான கெடந்துச்சு? சாவி மீட்டர் பொட்டிக்குள்ள. அந்த எடம் நம்ம நாலு பேரத் தவிர யாருக்குத் தெரியும்? நீ சாயங்காலம் குடிலச் சுத்திக் கூட்டுனியே, அப்ப ஆடு எங்க இருந்துச்சு?

— அங்கிட்டுத்தான்.

— அப்பறம்? நாடகம் முடிஞ்சு வந்து லைட்டக்கூடப் போடாம அப்பிடியே சாஞ்சோம். அதுக்குள்ள அவ வந்துட்டுப் போயிட்டா. மாதாவே, வாசல் வரைக்கும் வந்த புள்ளைக்கு ஒரு முறுக்கு எடுத்துக் குடுக்க ஆளு இல்லாமப் போச்சே.

— அழாதம்மா. சரி, அக்காவே வந்துட்டுப் போனான்னு வச்சுக்க. அப்பா எந்திரிச்சு இதப் பாத்தா என்ன ஆகும்? வீட்டுக்காரன் வச்சத ஜனவரி ஆறாந்தேதி மூணு ராசா திருநாள் வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு சட்டம். போன வருசம் நீ ராத்திரியோட ராத்திரியா மாத்தி வச்சியே, மறந்துருச்சா? குடில அப்பிடியே தூக்கி வாசல்ல வீசுனாரு. சூசையப்பருக்கு மூக்கு போச்சு. மாட்டுக்கு முன்னங்காலு போயி, இன்னமும் பெவிக்கால் தயவுலதான் நிக்குது.

— நிக்குதுல்ல.

— நம்மள யாரு ஒட்டுறது? மூணு நாளு சோறு திங்காம, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம கெடந்தோம்மா. இந்தப் பாய்த் திருநாளும் அப்பிடிப் போக வேணாம்மா. ஒன்னைய கும்பிட்டுக் கேக்குறேன்.

— பாய்த் திருநாளாம், பாய்த் திருநாளு. எங்கடி இருக்கு அது? மாதா புள்ள பெத்து அசந்து படுத்திருக்கிற நாளு, இன்னைக்கு இந்த வீட்டுல எந்தப் பொம்பளையும் அடுப்படிக்குப் போகக்கூடாது, பாய விரிச்சுப் படுத்துக்கணும், ஆம்பளதான் நேத்து கொழம்பச் சுட வச்சு எல போட்டுப் பரிமாறணும். ஒங்கப்பத்தா வச்சுட்டுப் போன சட்டத்துலயே எனக்குப் பிடிச்சது இது ஒண்ணுதான். இந்த ஒருநாளுக்காக வருசம் பூரா மாடா ஒழைக்கலாம்னு இருக்கும்.

— இடுப்புல துண்டக் கட்டிக்கிட்டு வருவாரு.

— கரண்டியப் பிடிக்கத் தெரியாம சாந்து பூசுற கொல்லூறு பிடிக்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டு.

— அக்கா படுத்துக்கிட்டே கத்துவா. "சர்வர், நாலாம் நம்பர் பாய்க்கு ரெண்டு இட்லி, கறி அள்ளிப் போட்டுக் கொண்டா"ன்னு.

— இவரும் "இதோ வந்துட்டேன் மேடம்"னு ஓடுவாரு. அந்த மனுசந்தான்டி அந்தா கெடக்குறது. போர்வைய இழுத்து மூடிக்கிட்டு, சொவத்தப் பாத்துக்கிட்டு. மணி பத்தாகுது. எல போட ஆளில்ல. கொழம்பு சட்டியோட ஆறிக் கெடக்கு.

— நான் வேணா சுட வைக்கவா?

— வேணாம். பட்டினி கெடந்தாலும் இன்னைக்கு நீ அடுப்பத் தொடாத.

— காலையில எத்தன மணிக்கும்மா வந்தாரு?

— அஞ்சு இருக்கும். கதவத் தட்டுனாரு, தொறந்து விட்டுட்டு நான் திரும்பிப் படுத்துட்டேன். நல்லநாள்னா அந்த முனியசாமிப் பய குடிக்கக் கூப்பிட்டுருவானே. நேத்து சாயங்காலம் பிரியாணிய உருட்டி வாய்க்கிட்ட கொண்டு போனவரு, போன் வந்ததும் அப்பிடியே தட்டுல போட்டுட்டு வண்டிய எடுத்துக்கிட்டுப் போனாரு பாத்தியா? புள்ள பொண்டாட்டி கூப்பிட்டா வராத ஓட்டம்.

— குடிச்சிருக்க மாட்டாரும்மா.

— ஒனக்கு என்னடி தெரியும்?

— கிட்டப் போயி போர்வைய இழுத்து விட்டேன்ல, அந்த வாடையே இல்ல. டெட்டால் மாதிரி ஏதோ வாடைதான் அடிச்சுச்சு.

— எங்கயாவது விழுந்து வாரியிருப்பாரு. நீ அந்தப் பக்கம் பாக்காத. இங்கிட்டு வா, ஆட்டப் பாரு. அந்த ஒடஞ்ச காதப் பாரேன். அஞ்சு வயசுல, மிட்டாயின்னு நெனச்சு கடிச்சு வச்சா. அதுக்கு நான் முதுகுல ஒண்ணு வச்சேன். இப்ப நெனச்சா கையே வெந்து போகுது.

— அம்மா.

— என்ன?

— அந்த ஆட்டுக்கு அடியில என்னமோ இருக்கு.

— எங்க?

— வயித்துக்குக் கீழ. வைக்கோல நகத்திப் பாரு. சின்னதா.

— இரு, நான் எடுக்குறேன். சேசுவே. சேசுவே, கலைமதி. குட்டிடி.

— ஆட்டுக்குட்டியா?

— புதுக் குட்டி. நம்ம குடில்ல இல்லாத குட்டி. ஒனக்கு வெளங்குதா இல்லையா? இந்த வீட்டுக்கு ஒரு புள்ள வந்தா கண்மாய்க் களிமண்ணுல ஒரு குட்டி பிடிச்சு வைக்கணும். சத்யாவுக்கு அப்பிடித்தான் பிடிச்சேன், ஒனக்கும் அப்பிடித்தான். அவ வந்து சொல்லிட்டுப் போயிருக்கா. வாயால சொல்ல ஆளில்லாம இதால சொல்லிட்டுப் போயிருக்கா. எம்புள்ள மாசமா இருக்காடி.

— ம்.

— என்ன "ம்"? ஒரு ஆச்சரியமும் இல்லாம நிக்குற?

— ஒண்ணும் இல்லம்மா.

— என் மூஞ்சியப் பாரு. ஒனக்குத் தெரியுமா?

— தெரியும்.

— எப்ப இருந்து?

— அக்டோபர்ல, கீரனூர் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். ஒனக்கு பிரஷர் மாத்திரை வாங்கப் போனேன்ல, அன்னைக்கு. அன்னவாசல் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்தா. வயிறு நல்லாத் தெரிஞ்சுச்சு. கிறிஸ்மச ஒட்டிப் புள்ள பொறந்துரும்னு டாக்டர் சொன்னாங்கன்னா.

— ரெண்டு மாசமா இத நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டா என் கூடப் படுத்து எந்திரிச்ச? நெஞ்சா அது, கருங்கல்லா?

— சொன்னா நீ பாக்கப் போயிருவ.

— போகாம?

— போனா அப்பா ஒன்னையத் திரும்ப வீட்டுக்குள்ள விட மாட்டாரு. அக்கா போன மறுநாளே என்னையப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்துனாரு. அவ பண்ணதுக்கு எனக்குப் பத்தாவது பரிச்சை போச்சு. நீயும் போயிட்டா எனக்குன்னு இந்த வீட்டுல என்னம்மா மிச்சம்? இந்த நாலு மண்ணு ஆடா?

— ஏன்டி இப்பிடிப் பேசுற.

— நான் யார்கிட்டயும் பேசுறதே இல்லையே. அதான் இப்ப வருது போல.

— சரி, வா. கிட்ட வா. என்ன சொன்னா அவ? என்னைய கேட்டாளா?

— ஒன்னைய கேட்டா. அப்பறம், "பாய்த் திருநாளைக்கு அப்பா இன்னமும் துண்டு கட்டிக்கிட்டுப் பரிமாறுறாரா"ன்னு கேட்டா. இல்லக்கா, போன வருசம் யாருமே சாப்பிடலன்னு சொன்னேன். சிரிக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டா. அதுக்குள்ள பஸ்ஸு வந்துருச்சு.

— போதும். எந்திரி. பதினொன்னே காலுக்கு அன்னவாசல் பஸ்ஸு இருக்கு. நான் போறேன்.

— அம்மா!

— பொட்டியில என் பழைய வாயில் சேல ரெண்டு கெடக்கும், எடு. பச்சப்புள்ளைக்குத் துணி மெத்துன்னு இருக்கணும். அதிரசத்த ஒரு தூக்குல போடு. கேக்குல பாதிய வெட்டு.

— அவங்க வீடு எங்கன்னு தெரியுமா ஒனக்கு?

— அன்னவாசல்ல எறங்கி, தமிழ்செல்வன், எலக்ட்ரீசியன்னு நாலு பேரக் கேட்டா சொல்ல மாட்டாங்களா?

— அப்பா எந்திரிச்சுக் கேட்டா நான் என்ன சொல்ல?

— "பெத்தவ ஒருத்தி தன் புள்ளையப் பாக்கப் போயிட்டா"ன்னு சொல்லு. "நீ செத்தவங்க வரிசையில வச்சியே, அந்தப் புள்ளையப் பாக்கப் போயிட்டா"ன்னு சொல்லு. அந்தக் கை வெளங்குமாடி? பதினோரு நாளு எம் மாருல பால் குடிச்சுட்டு எம்புள்ள போனான். அவன் குட்டிக்குப் பக்கத்துல கொண்டு போயி உசுரோட இருக்கிறவள வச்ச கை. சொவரு கட்டுற கையாம் அது. எத்தன வீடு கட்டி என்ன பண்ண?

— கத்தாதம்மா, அவருக்குக் கேட்டுரும்.

— கேக்கட்டும். ரெண்டு வருசமா எனக்குத்தான் எல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கு.

— இரு. அப்பா போன் அடிக்குது.

— எங்க?

— தலகாணிக்குக் கீழ. உர்ருன்னு. காலையில இருந்து இது அஞ்சாவது தடவ. எடுக்கவும் மாட்டேங்குறாரு, அணைக்கவும் மாட்டேங்குறாரு.

— முனியசாமியா இருக்கும். போயி அமத்தி வை. எந்திரிச்சுத் தொலைக்கப் போறாரு. அதுக்குள்ள நான் சேலைய மாத்திர்றேன்.

— அந்தக் குட்டிய ஏன் கையிலயே வச்சிருக்க? இங்க குடு, வச்சிர்றேன். ஐய, என்னம்மா இது, கையில ஒட்டுது.

— என்ன ஒட்டுது?

— மண்ணு. இன்னும் காயவே இல்ல. சுடாத குட்டி.

— பாவம், அவசரத்துல பிடிச்சிருப்பா.

— ராத்திரி ஒம்பது மணிக்குப் பிடிச்சிருந்தா மேல் மண்ணாவது காஞ்சிருக்கும்ல? இது விடிய நேரத்துக்குப் பிடிச்ச மாதிரி இருக்கு. காலப் பாரு, நாலும் நாலு தினுசு. அக்கா இப்பிடியா பிடிப்பா? அவ கோலத்துல ஒரு புள்ளி வெலகாது.

— அதுக்கு என்ன இப்ப?

— முதுகுல இந்தப் பெருவிரல் தடத்தப் பாரு. என் விரல வச்சா உள்ள முழுகிப் போகுது. ஒன் விரல வையி. ஒனக்கும் பெருசு. பொம்பள விரல் இல்லம்மா இது.

— என்னடி சொல்ற?

— ஒண்ணும் சொல்லல. போன எடுத்துட்டு வாரேன்.

— மெல்லப் போ.

— அம்மா.

— அமத்திட்டியா?

— அம்மா, இங்கிட்டு வந்து அப்பா கையப் பாரேன்.

— என்ன கையில?

— நகத்துல எல்லாம் களிமண்ணு. முழங்கை மடிப்புல பஞ்ச வச்சு பிளாஸ்திரி போட்டிருக்கு.

— கலைமதி, பின்னால வா. தள்ளி வா. அவரு கண்ணு தொறந்திருக்கு.

— அது ஈரமாத்தான் இருக்கும் பரிமளா. சுடுறதுக்கு நேரமில்ல.

— முழிச்சா கெடக்கீங்க?

— நான் தூங்கவே இல்ல.

— அப்ப நான் பேசுனது எல்லாம்...

— கேட்டேன். தப்பா ஒண்ணும் சொல்லல நீ.

— அப்பா, அக்கா ஆட்ட நீங்களா எடுத்து வச்சீங்க?

— நாந்தான்.

— சத்யா? அவ வரலையா? வீட்டுக்கு யாரும் வரலையா?

— யாரும் வரல. அவளால எப்பிடி வர முடியும்.

— என்ன சொல்றீங்க? எந்திரிச்சு ஒக்காந்து சொல்லுங்க. இந்தாங்க, என்னையப் பாத்து சொல்லுங்க.

— நேத்து சாயங்காலம் போன் பண்ணது முனியசாமி இல்ல. அந்தப் பையன். தமிழ்செல்வன். எடுத்ததும் "மாமா"ன்னான். எந்தப் பய என்னைய மாமாங்குறதுன்னு வைய வாயத் தொறந்தேன். "மாமா, ரத்தம் வேணும், சத்யாவுக்கு ஒங்க குரூப்புதான்"னான். கைகூடக் கழுவாம போனேன்.

— எங்க?

— புதுக்கோட்டைக்கு. பெரியாஸ்பத்திரிக்கு. பொம்பளப் புள்ள பரிமளா. கண்ணாடிக்கு இங்கிட்டு நின்னு பாத்தேன். ஒன் மூக்கு அப்பிடியே. கைய முறுக்கிக்கிட்டு அழுதுச்சு.

— புள்ள கெடக்கட்டும். எம்புள்ள எப்பிடி இருக்கா?

— புள்ள நல்லாருக்குன்னாங்க.

— என்னங்க. சத்யா எப்பிடி இருக்கா?

— பெத்ததுக்கு அப்பறம் ரத்தம் நிக்கல. என்னோடத எடுத்தாங்க, அந்தப் பையனோட கூட்டாளிங்க ரெண்டு பேருகிட்ட எடுத்தாங்க. ஏத்த ஏத்தப் போயிக்கிட்டே இருந்துச்சு. உள்ள விட மாட்டேன்னுட்டாங்க. கதவு தொறந்தப்போ ஒருதரம் பாத்தேன். வெள்ளத்துணி போத்தியிருந்தாங்க, கழுத்து வரைக்கும். நான் அங்கிட்டு வச்ச ஆடு மாதிரியே அசையாமக் கெடந்தா.

— மாதாவே.

— அப்பா, போன் திரும்ப அடிக்குது. பேரு இல்ல, நம்பர்தான் வருது.

— எடுக்காத.

— அவருதாம்ப்பா, அக்கா வீட்டுக்காரரு. எடுக்கவா?

— எடுக்காத கலை. ஒன் கால்ல வேணா விழுறேன். எடுத்தா எதையாவது சொல்லிருவான். எடுக்காத வரைக்கும் அவ இருக்கா.

— பாவி மனுசா! எம்புள்ள அங்க அப்பிடிக் கெடக்கும்போது அவளத் தனியா விட்டுட்டு வந்து இங்க பாயில படுத்துக் கெடக்கீங்களே, அதுக்கு எப்பிடிய்யா மனசு வந்துச்சு? எதுக்கு வந்தீங்க? வாயத் தொறந்து சொல்லுங்க, இந்த வீட்டுல என்ன இருக்குன்னு ஓடி வந்தீங்க?

— விடியக்காலம் நாலு மணிக்கு டாக்டரம்மா வெளிய வந்து, இனிமே எங்க கையில ஒண்ணும் இல்லங்கய்யான்னாங்க. என் கையில இருந்தது அந்த ஆடு ஒண்ணுதான் பரிமளா, அதான் ஓடியாந்து எடுத்து இங்கிட்டு வச்சேன்.